வீட்டுக் கொல்லையின் உருளை இளங்கிழங்காகவே இருக்கட்டும்

வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுவோரிடம் ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து காண்கிறேன். பறித்ததை உடனே தராசில் வைத்துவிடுகிறார்கள். ஒரு பையில் எத்தனை கிலோ கிடைத்தது, கடையில் வாங்கியிருந்தால் என்ன விலை, செலவு போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். கீரைக்கும் கத்தரிக்கும் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். உருளைக்கிழங்கிடம் அது செல்லாது. நீலகிரி மலையிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மேட்டுப்பாளையம் மண்டிகளில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஒரு பொருளோடு, கொல்லை மூலையில் பத்துச் செடி வைத்திருப்பவர் எடையிலும் விலையிலும் எப்படிப் போட்டியிட முடியும்? விதைக்கிழங்கு, தொழுவுரம், நான்கு மாத உழைப்பு எல்லாவற்றையும் கூட்டினால் கடைக்கிழங்கே மலிவு. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

ஆயினும் இடமும் தட்பவெப்பமும் வாய்த்தவர்கள் உருளையைப் பயிரிட வேண்டும் என்றே சொல்வேன். சந்தையால் தர முடியாத ஒன்றைக் கொல்லை தருகிறது. அதுதான் இளங்கிழங்கு. வீட்டில் பயிரிடும் உருளையை முற்றவிட்டுச் சேமித்து வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, இளமையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த அன்றே சமைத்து, அண்டை வீட்டுக்கும் ஒரு கை கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. முற்றிய கிழங்கை அதற்கென்றே உழைக்கும் விவசாயியிடமிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொள்வோம்.

இளங்கிழங்கு என்றதும் பலருக்குக் கடையில் ‘பேபி பொட்டேட்டோ’ என்ற பெயரில் விற்கும் கோலிக்குண்டு உருளை நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றாகிவிடா. கடையில் இருப்பவை பெரும்பாலும் முற்றிய கிழங்குகளைத் தரம் பிரிக்கும்போது சிறியதாக ஒதுங்கியவை. உருவம் சிறிது, வயது பெரிது. அவற்றின் தோலை நகத்தால் கீறினாலும் எளிதில் உரியாது. இளங்கிழங்கோ செடி பச்சையாக நின்று உணவு தயாரித்துக் கொண்டிருக்கும்போதே அதனடியிலிருந்து எடுக்கப்படுவது. அதன் தோல் இன்னும் கிழங்கோடு இறுகவில்லை. பெருவிரலால் தேய்த்தால் ஈரக் காகிதம்போல் கழன்று வரும். உள்ளே நீர் மிகுதி. இலையிலிருந்து இறங்கிய சர்க்கரை முழுவதும் மாவுப்பொருளாக மாறி முடிந்திருக்காது. அதன் மெல்லிய இனிப்புக்குக் காரணம் அதுவே. அது லாரியில் ஏறி நெடுந்தூரம் போகத் தகுதியற்றதாக இருப்பதற்கும் அந்த இளமைதான் காரணம். மூட்டையில் உரசினால் தோல் கிழியும். கிழிந்த இடம் கறுக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிச் சுருங்கும். வடநாட்டில் குளிர்காலத் தொடக்கத்தில் ‘நயா ஆலு’ என்று கூவி விற்கும் ஒரு சிறு பருவம் உண்டு. நம் பக்கத்துக் கடைகளில் அப்படி ஒரு பருவத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே கிழங்கு, ஒரே சுவை.

உருளைக்குச் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையிலுள்ள டிட்டிகாகா ஏரிப் பகுதியில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இதைப் பயிராக்கிவிட்டனர். குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய செடி என்பதை இந்த வரலாறே சொல்கிறது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். அப்போது நீலகிரி மண்ணுக்கு வந்த உருளை, இந்த மலையைத் தன் ஊராகவே ஆக்கிக்கொண்டது. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என மலை விவசாயிகள் பிரித்துச் சொல்லும் மூன்று பருவங்களிலும் இங்கே கிழங்கு விளைகிறது. ஆண்டின் தொடக்கத்தில் பாசன நீரை நம்பி நடுவது நீர்போகம். கோடைமழையோடு நட்டுத் தென்மேற்குப் பருவமழையில் வளர்வது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவது கடைபோகம். உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டோடு ஒரு துண்டு நிலம் உள்ளவர்களுக்கு இதைவிட வாய்ப்பான பயிர் குறைவு.

சமவெளியில் இருப்பவர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். மண்ணுக்கடியில் ஓடும் தண்டின் நுனி பருத்துக் கிழங்காக மாறுவதற்கு இரவு வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் செடி தழைக்கும். கிழங்கு வைக்கத் தயங்கும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நவம்பரில் நட்டால் பலன் உண்டு. இலங்கை வாசகர்களுள் நுவரெலியா, வெலிமடைப் பகுதியினர் நான் சொல்வதை என்னைவிட நன்றாகவே அறிவர். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நாகூரிலோ மொட்டைமாடியில் பை வைத்து உருளை வளர்க்க நினைக்கும் சகோதர சகோதரிகளுக்கு என் ஆலோசனை ஒன்றே: அந்தப் பையில் சர்க்கரைவள்ளிக் கொடி வையுங்கள். வெப்பத்தை விரும்பும் பயிர் அது. கீரையும் கிழங்கும் தரும். ஒரு பையைக் கவிழ்த்ததும் குவியலாக உருளை கொட்டும் காணொளிகள் எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை என்பதைக் கேட்காமல் ஆசைப்படுவதால்தான் பலர் ஒரே முயற்சியில் மனம் உடைந்து தோட்டத்தையே கைவிடுகிறார்கள்.

இனி விதைக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே விதைதான்.

மலைக்கு வந்து திரும்பும் உறவினர்கள் விடைபெறும்போது கேட்பது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். “அண்ணே, செடியோட ரெண்டு கிழங்கு, கொஞ்சம் உங்க மண்ணையும் சேர்த்துக் கட்டிக் குடுங்க. வீட்டுல வெச்சுப் பாக்குறேன்” என்பார்கள். அன்போடு கேட்கும் கேள்வி. ஆனால் மறுக்க வேண்டிய கேள்வி. நீலகிரி மண்ணில் உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக 1961இல் உதகையில்தான் இது கண்டறியப்பட்டது. பின்னர் கொடைக்கானல் மலையிலும் காணப்பட்டது. பெண்புழு இறந்தபின் அதன் உடலே தடித்து, குண்டூசித் தலையளவுள்ள ஒரு கூடாகிவிடுகிறது. ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளையோ தக்காளியோ கத்தரியோ அருகில் வேர்விடும் வரை அவை மண்ணில் உறங்கும். இருபது ஆண்டுகள் கழிந்தும் உயிரோடிருக்கும். இதனால்தான் 1971 முதல் நீலகிரி விதைக்கிழங்கு பிற மாநிலங்களுக்குச் செல்லத் தடை உள்ளது. 2018இல் இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் பகுதிகளின் விதைக்கிழங்குக்கும் இதே காரணத்தால் தடை வந்தது. விதைக்கிழங்குக்காகவே நாட்டில் பெயர்பெற்ற இமாசல மலைகளின் உழவர்களுக்கு அது எத்தகைய இடி என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘என் வீட்டில் ஒரு தொட்டிதானே’ என்று தோன்றும். தொட்டி நிரந்தரமாகத் தொட்டியாகவே இருப்பதில்லை. செடி காய்ந்ததும் அந்த மண்ணை வேலியோரம் கொட்டுகிறோம். மழைநீர் அதை அடுத்த வயலுக்குக் கொண்டுபோகிறது. மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டி மீதி போகிறது. அந்த வயலுக்கு உரியவர் அந்தப் பயிரை நம்பி மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கக்கூடும். நமக்குப் பொழுதுபோக்கான ஒன்று அவருக்கு வாழ்வாதாரம். அவர் தம் நிலத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் உரிமை நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றே கருதுகிறேன். ஆகவே மலையிலிருந்து சமையலுக்குக் கழுவிய கிழங்கு வாங்கிச் செல்லுங்கள். மண்ணையும் விதையையும் எடுத்துச் செல்லாதீர்கள். சமவெளியில் பயிரிட விரும்புவோர் அப்பகுதித் தோட்டக்கலைத் துறை அலுவலரைக் கேட்டு, நூற்புழு இல்லாப் பகுதியிலிருந்து வரும் விதைக்கிழங்கைப் பெறலாம். மலையில் உள்ளவர்களுக்கு உதகையை அடுத்த முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூற்புழுவைத் தாங்கி வளரும் குஃப்ரி சுவர்ணா என்னும் இரகம் 1985இல் வெளியிடப்பட்டதே இந்த மலையின் துன்பத்தை மனத்தில் வைத்துத்தான்.

சமையலறைக் கூடையில் முளைவிட்ட கிழங்கை நட்டால் என்ன என்ற கேள்வியும் உண்டு. முளைக்கும், சில நேரம் விளையவும் செய்யும். ஆனால் குளிர்பதனக் கிடங்குகளில் முளைப்பைத் தடுக்க மருந்து தெளிக்கும் வழக்கம் உள்ளது. நச்சுயிரி நோய்களும் கிழங்கு வழியே அடுத்த தலைமுறைக்கு இறங்குபவை. கடைக்கிழங்கின் தோற்றத்தைப் பார்த்து அதன் நோயை யாராலும் அறிய முடியாது. இரண்டு மூன்று கிலோ நல்ல விதைக்காகச் செலவிடத் தயங்குவது சரியான சிக்கனமாகாது.

நடும் முறையில் பெரிய இரகசியம் ஏதுமில்லை. கோழிமுட்டை அளவுள்ள விதைக்கிழங்கை, கண்கள் மேல்நோக்கி இருக்குமாறு, வெளிச்சமும் நிழலும் கலந்த இடத்தில் பரப்பி வைத்தால் குட்டையான தடித்த முளைகள் வரும். இருட்டில் வைத்தால் வெளிறிய நீண்ட முளைகளே வரும். அவை நடும்போதே ஒடிந்துவிடும். நன்கு மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணில் நான்கைந்து அங்குல ஆழத்தில், ஏறக்குறைய ஒரு முழ இடைவெளியில் நடலாம். இளங்கிழங்கே நோக்கம் என்றால் இன்னும் நெருக்கியும் நடலாம்; செடிகள் முழு வயது நிற்கப் போவதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் இருந்த பாத்தியைத் தவிர்க்க வேண்டும். அவையெல்லாம் ஒரே குடும்பம்; ஒருவர் நோய் மற்றவருக்கு.

இங்கே சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. அடுப்புச் சாம்பலை எல்லாச் செடிக்கும் அள்ளிப் போடுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். என் பாட்டியாரும் அப்படித்தான் செய்வார். அவர் வைத்த பூசணிக்கு அது நன்றாகவே இருந்தது. உருளை சற்றே புளிப்பான மண்ணை விரும்பும் பயிர். சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். அப்போது கிழங்கின் மேல் சொறி நோய் தலைகாட்டும். மக்காத பச்சைச் சாணத்துக்கும் இதே விளைவு. சாம்பலைப் பூசணிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் மண் அணைக்க வேண்டும். நட்ட ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் அணைப்பு. இரண்டு மூன்று வாரத்தில் இன்னொன்று. கிழங்குகள் விதைக்கிழங்குக்கு மேலே, தண்டையொட்டி விடுகின்றன என்பதால் அவற்றுக்கு இடமும் இருட்டும் வேண்டும். மண் விலகி வெயில் பட்டால் கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சை நிறம் தானாகத் தீங்கில்லாதது. அதே வெளிச்சத்தில் கூடவே பெருகும் சோலனைன்தான் நஞ்சு. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. கசக்கும் உருளையைப் ‘பரவாயில்லை, வீணாக்கக் கூடாது’ என்று பிள்ளைகளின் தட்டில் வைப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். உணவை வீணாக்காதிருப்பது நல்ல பண்பு. நஞ்சை விழுங்குவது அந்தப் பண்பில் சேராது. பூத்தபின் சில செடிகளில் சிறு தக்காளி போன்ற பச்சைக் காய்கள் தொங்கும். அவையும் நஞ்சே. தோட்டத்தில் விளையாடும் குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

நீலகிரியில் அதிகம் பயிராகும் குஃப்ரி ஜோதி போன்ற இரகம் முற்ற ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். இளங்கிழங்குக்கு அவ்வளவு பொறுக்க வேண்டாம். எழுபது நாளுக்கு மேல் ஆகி, பூக்கள் வந்து உதிரத் தொடங்கியதும், அணைத்த மண்ணின் ஒரு பக்கத்தை விரல்களால் மெல்ல விலக்கிப் பாருங்கள். மண்வெட்டி வேண்டாம், இந்த வயதுத் தோல் இரும்பைத் தாங்காது. தண்டின் அருகே விரல்கள் போகும்போது குளிர்ந்த, வழுவழுப்பான உருண்டை ஒன்று தட்டுப்படும். எலுமிச்சை அளவு இருந்தால் திருகி எடுத்துக்கொள்ளலாம். சுண்டைக்காய் அளவில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு செடிக்கு இரண்டோ மூன்றோ போதும். மண்ணை மறுபடி அணைத்து, நீர் தெளித்துவிட்டு அடுத்த செடிக்குப் போகலாம். செடி சாகாது, மீதிக் கிழங்குகள் தொடர்ந்து பருக்கும். பத்துச் செடிகள் இருந்தால் ஒரு மாதத்துக்கு வாரம் ஒரு வேளைச் சமையலுக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

இப்படிக் கைவிட்டு எடுப்பதில் கொல்லைக்காரருக்கு மட்டுமே வாய்த்த ஒரு சலுகை இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் முள்ளங்கி, வெங்காயம் போன்றவற்றைத் தோண்டுவதற்கு முன்பே விற்கலாமா என்பது ஃபிக்ஹு நூல்களில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட கேள்வி. பார்க்காத பொருளை விற்பதிலுள்ள மயக்கத்தைக் காரணம் காட்டி ஷாஃபிஈ மத்ஹபினர் கூடாது என்றனர். வெளியே தெரியும் இலையைக் கொண்டே உள்ளிருப்பதை அனுபவசாலிகள் மதிப்பிட்டுவிடுவர் என்று மாலிக்கி மத்ஹபினர் அனுமதித்தனர். இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட உண்மை ஒன்று உண்டு: மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கவலை தரும் செய்தி. நான்கு மாதம் அந்தக் கவலையோடு உறங்கி எழுபவர்தான் உருளை விவசாயி. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து முழு வயலையும் ஊகிக்க வேண்டும். நாமோ எந்த நாளிலும் கையை விட்டுப் பார்க்கலாம். கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடிவிட்டது என்று கடைக்காரரிடம் வாதிடுமுன் இந்த வேறுபாட்டை உணர்ந்திருப்பது நன்று. வீட்டில் ஒரு முறையேனும் உருளை வளர்த்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டியதுதான். இன்னும் ஆறு வாரம் விட்டால் பெரிதாகக் கூடியதைப் பிஞ்சிலேயே பறிப்பது வீண்விரயம் ஆகாதா, இஸ்ராஃப் ஆகாதா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதே சரி. ஆனால் அந்த ஆறு வாரத்தில் கொல்லையில் என்ன நடக்கிறது? மலையோரத்தில் காட்டுப்பன்றி வருகிறது; முள்ளம்பன்றி வருகிறது. இரண்டுக்கும் உருளை விருந்து. ஓரிரவில் பாத்தியை உழுதுவிட்டுப் போகும். எலியும் கம்பிளிப்புழுவும் வேறு. முற்றிய கிழங்கைத் தோண்டியபின் தோல் இறுக நிழலில் ஆறவிட்டு, காற்றோட்டமான இருட்டறையில் வைக்க வேண்டும். நம் வீடுகளில் அப்படி ஓர் அறை எங்கே இருக்கிறது? சமையலறை மூலையில் வெங்காயத்தோடு கிடந்து, பாதி முளைவிட்டும் பாதி பச்சையாகியும் குப்பைக்குப் போகும் கிழங்கைத்தான் விரயம் என்பேன். இளங்கிழங்கில் தட்டுக்கு வராமல் போவது ஒன்றுமில்லை. தோல்கூட உண்ணப்படுகிறது. செடியில் விட்டுவைத்த மீதி பெரிதானால் நல்லது, அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலாக, விரைவில் எடுப்பதற்கு மழைக்காலம் ஒரு வலுவான காரணம். பின் கருகல் நோய் நீலகிரியின் மேகமூட்டத்தையும் சாரலையும் நம்பியே வாழ்கிறது. இலையின் ஓரத்தில் நீர் தோய்ந்ததுபோல் ஒரு புள்ளி. மறுநாள் அது கறுக்கும். காலையில் இலையைத் திருப்பினால் விளிம்பில் வெண்பூசணம். சாரல் நீடித்தால் ஒரு வாரத்தில் பாத்தி முழுவதும் வெந்ததுபோல் சரிந்துவிடும். அதன் வித்துகள் காற்றில் பயணிப்பவை. வேலியை மதிப்பவை அல்ல. 1845இல் அயர்லாந்தில் இறங்கிய இதே நோய்தான், உருளை ஒன்றையே நம்பியிருந்த ஏழை மக்களுள் ஏறக்குறைய பத்து இலட்சம் பேரின் உயிரைக் கொண்ட பஞ்சத்துக்கு வழிவகுத்தது. 1847இல் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் அந்தப் பஞ்ச நிவாரணத்துக்கு 1,000 பவுண்டு அனுப்பினார். அயர்லாந்தின் பிரமுகர்கள் கையொப்பமிட்டு அவருக்கு நன்றி மடல் எழுதினர். ஒரு செடியின் இலைப்புள்ளி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே கொல்லையில் அந்தப் புள்ளியைக் கண்டால் இரக்கம் காட்டாதீர்கள். தண்டுகளைத் தரையோடு அறுத்துப் பையில் கட்டி அகற்றிவிடுங்கள். எருக்குழியில் போட வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை உடனே தோண்டாமல் இரண்டு வாரம் விட்டு, மேல்மண்ணில் விழுந்த வித்துகள் அழிந்தபின் எடுப்பது வழக்கம். எழுபதாம் நாளிலிருந்தே வேண்டியதை எடுத்துவந்தவருக்கு இந்த இழப்பு சிறியதாகவே இருக்கும். முழு வயதுக்காகக் காத்திருந்தவர்தான் மருந்துக் கடைக்கு ஓடுவார். கொல்லைக் காய்கறியில் மருந்து இல்லை என்ற நிம்மதியும் அதோடு போகும்.

சமையல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; நம் பெண்களுக்கு அதை நான் சொல்வது மிகை. இரண்டே குறிப்புகள். இளங்கிழங்கு குழையாது, எனவே கட்லெட்டுக்கும் சமோசாவுக்கும் உகந்ததாகாது. நோன்பு மாதத்தில் அவற்றுக்குக் கடையின் முற்றிய கிழங்கே சிறந்தது. இளங்கிழங்கின் இடம் ஆணம். ஆட்டுக்கறி ஆணத்தில், இறைச்சி முக்கால் வேக்காடு வந்தபின் தோலோடு முழுசாகப் போட்டால், வடிவம் கெடாமல் மசாலாவை வாங்கிக்கொள்ளும். இறைச்சி வாங்க வசதியில்லாத நாளில் உப்பு நீரில் அவித்து, நெய்யில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுப் புரட்டினால் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். எடுத்த அன்றே சமைக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைத்துவிட்டு, கடைக்கிழங்குக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளைச்சலுக்குரிய பங்கை அறுவடை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டளையைத் திருமறையின் ஆறாம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். வீட்டுத் தோட்டக் காய்கறிக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இமாம் அபூஹனீஃபா நிலத்தில் விளையும் காய்கறிக்கும் உண்டு என்றார். உணவாகச் சேமித்து வைக்கத்தக்க விளைபொருளுக்கே உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அந்த விவாதம் எப்படியிருந்தாலும், சேமிக்க முடியாத பொருளுக்கு ஒரு தனி நன்மை உண்டு. அதைப் பதுக்கிவைக்க இயலாது. மூட்டையில் கட்டிய முற்றிய கிழங்கைக் கொடுக்க மனம் கணக்குப் பார்க்கும். நாளை வாடிவிடும் இளங்கிழங்கை இன்றே பக்கத்து வீட்டுக்கு அனுப்பத் தயக்கம் வராது. எங்கள் தெருவில் வலப்பக்க வீட்டார் படுகர். தலைமுறைகளாக உருளை விளைவித்தவர்கள். அவர்கள் வீட்டுக்கு உருளை கொடுத்தனுப்புவது எனக்கே முதலில் கூச்சமாக இருந்தது. தாங்கள் விளைவிப்பதெல்லாம் மண்டிக்கே போய்விடுகிறது, இப்படி இளசாகச் சாப்பிட்டுப் பல நாளாயிற்று என்றார் அந்த வீட்டு அம்மையார். மறுநாள் ஒரு கிண்ணம் அவரை வந்தது.

பாத்தி காலியானபின் மறந்துவிடக்கூடாத வேலை ஒன்றுண்டு. விட்டுப்போன சிறு கிழங்குகளைத் துருவித் தேடி எடுத்துவிடுங்கள். மண்ணில் கிடப்பவை அடுத்த மழைக்குத் தாமே முளைக்கும். நோயும் நூற்புழுவும் அடுத்த பருவத்துக்கு ஏறி வரும் படிக்கட்டு அவைதாம். அந்த இடத்தில் மூன்று ஆண்டுகளாவது உருளையோ தக்காளியோ கத்தரியோ வைக்காமல் பீன்ஸ், பட்டாணி, பூண்டு, முள்ளங்கி என்று மாற்றி வையுங்கள். கார்போகக் கிழங்கை ஜூலைக்குள் எடுத்து முடித்தவர்கள், ஆகஸ்டில் வேறொரு மூலையில் கடைபோகத்துக்கு நடலாம். விதைக்கிழங்குக்கு இப்போதே சொல்லிவைத்தால்தான் முளைகட்டி எடுக்க நேரம் இருக்கும்.